அந்தரங்கமும் அரசின் காவலும்

கண்டிப் புகையிரத நிலையத்தின் அயலிலே உள்ள பெரிய தபாற்கந்தோருக்கு ஒருவர் சென்று ஒரு தபாலட்டையைப் பெட்டியில் இடுகிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர் ஒட்டி மூடிய உறையொன்றை இடுகிறார். முன்னவர் எழுதியதை வழியில் உள்ள எவரும் படிக்கலாம். அது அவருக்கும் தெரியும். ஆதலால் அதற்கேற்ற செய்தியையே எழுதியிருப்பார். பின்னவர் எழுதியதோ பெறுவோர் ஒருவருக்கே உரியது. எனினும் உறையின் மேலுள்ள பெயரையும் விலாசத்தையும் தபாற்காரர் பார்த்தே ஆகவேண்டும். பாராவிட்டால் கடிதம் போய்ச் சேராது. தபாலட்டை, மூடிய கடிதம், உறையின் மேற்புறம் என்னும் இம்மூன்றையும் மனத்திற் கொண்டால், இணையத்தின் அந்தரங்கம் பற்றி எழும் வழக்குகளிற் பெரும்பாலானவை எளிதில் விளங்கும்.

முகநூலில் எல்லாரும் காணுமாறு எழுதப்படுவது தபாலட்டை போன்றது. அதைப் பொலிசார் படித்தார்கள் என்று எவரும் குறைகூற முடியாது. வட்ஸ்அப் வழியே செல்லும் செய்தி மூடிய கடிதம் போன்றது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் அச்செய்திகள் யாவும் அனுப்புவோரின் தொலைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுவோரின் தொலைபேசியிலேயே திறக்கப்படுகின்றன; இடையில் நிற்கும் நிறுவனமும் அவற்றைப் படிக்க இயலாது. ஆனால் யார் யாருக்கு, எப்பொழுது, எத்தனை முறை எழுதினார் என்னும் உறையின் மேற்புறம் பூட்டப்படுவதில்லை. இதைச் சிறிய விஷயமென்று தள்ளிவிடலாகாது. ஒருவருடைய கடிதம் ஒன்றையேனும் பிரியாமல், ஓராண்டு உறைகளை மட்டும் அடுக்கிப் பார்த்தால், அவர் எந்த வைத்தியரிடம் செல்கிறார், எந்தச் சட்டத்தரணியை நாடுகிறார், எந்தத் தொழிற்சங்கத்தோடு தொடர்புடையவர், நள்ளிரவில் யாரை நினைக்கிறார் என்பவை எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவும் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் குடிகளின் உயிரையும் உடைமையையும் காப்பது அரசின் முதற் கடமை என்பதிலும் ஐயமில்லை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் வேளை எத்தன்மையது என்பதைக் கண்டி மாவட்டம் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கண்கூடாகக் கண்டது.

அவ்வாண்டு பெப்ரவரி 22ஆந் திகதி தெல்தெனியாவில் நிகழ்ந்த வீதித் தகராறொன்றில் சிங்கள இனத்தவரான லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர் சிலராற் தாக்கப்பட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் வைத்தியசாலையில் உயிர் நீத்தார். இது பொலிசாரும் நீதிமன்றமும் தீர்க்க வேண்டிய குற்ற வழக்கு, அவ்வளவே. ஆனால் அதற்கு முன்னரே வேறொரு நெருப்பு மூட்டப்பட்டிருந்தது. அம்பாறையில் ஓர் உணவகத்திற் கொத்துரொட்டியிலே மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தி தொலைபேசிக்குத் தொலைபேசி தாவி, பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அங்கே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை என்று சொல்லப்பட்டது வெறும் மாக்கட்டியே என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் உறுதிப்படுத்தியது. ஆய்வுகூடத்தின் முடிவு வருமுன் வதந்தி மலையேறிக் கண்டிக்கு வந்துவிட்டது. சாரதியின் மரணம் அவ்வதந்தியோடு பின்னப்பட்டது. மார்ச் 5ஆந் திகதி திங்கட்கிழமை திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்தன. மறுநாள், எரிந்த வீடொன்றினுள்ளே ஓர் இளைஞரின் உடல் கண்டெடுக்கப்பட்டது.

மார்ச் 6ஆந் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடு முழுவதற்கும் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தார். 2011ஆம் ஆண்டுக்குப் பின்னர் அதுவே முதற்றடவை. கண்டியில் ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. இணையச் சேவையும் அங்கே மட்டுப்படுத்தப்பட்டது. 7ஆந் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் ஆகிய நான்கும் நாடெங்கும் முடக்கப்பட்டன. முகநூலின் மீதிருந்த தடை நீங்கியது மார்ச் 15ஆந் திகதியே.

இந்நடவடிக்கை சரியா, தவறா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க முற்படுவோர் உளர். உண்மை அவ்வளவு எளிதன்று. தாக்குதலுக்கு ஆட்களைத் திரட்டும் அழைப்புகள் இவ்வழியே சென்றன என்பது மறுக்க முடியாதது. பகைமையைத் தூண்டும் பதிவுகளைப் பற்றிக் கொழும்பிலிருந்த சிவில் அமைப்புகள் நெடுநாளாக முகநூல் நிறுவனத்திடம் முறையிட்டு வந்தன. சிங்களத்தில் எழுதப்பட்ட வசையைப் படித்துணரப் போதிய ஆட்கள் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. கோடானுகோடி இலாபம் ஈட்டும் நிறுவனமொன்று, தான் வியாபாரம் செய்யும் நாட்டின் மொழியை அறியாதிருந்தமை வியப்புக்குரியது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், தன் மேடை அவ்வாறு தவறாகப் பயன்பட்டமைக்கு அந்நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளுக்கு அது காலங்கடந்த வார்த்தை.

எனினும் திகதிகளைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். திகனை எரிந்தது 5ஆந் திகதி. வாய்ப்பூட்டு வந்தது 7ஆந் திகதி. அவசரகால நிலையும் ஊரடங்கும் இருக்கவே, அந்த 7ஆந் திகதியே கட்டுகஸ்தோட்டைப் பகுதியிலும் அம்பதென்னையிலும் மீண்டும் தாக்குதல்கள் நிகழ்ந்தன. கூட்டங் கூடுவதற்குத் தொலைபேசி உதவுமேயன்றி, அது இல்லாமற் கூட்டம் கூடாது என்பதில்லை.

இதற்குக் கண்டியே பழைய சாட்சி. 1915ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி, வெசாக் இரவு, காசில் ஹில் வீதியிலுள்ள பள்ளிவாசலின் முன்னே ஊர்வலமொன்றை ஒட்டி எழுந்த பிணக்குக் கலகமாயிற்று. அக்காலத்தில் வட்ஸ்அப்பும் இல்லை. பெரும்பாலோரிடம் தொலைபேசியும் இல்லை. சில நாள்களுள் அக்கலகம் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆந் திகதி படைச் சட்டம் பிரகடனமாயிற்று. முஸ்லிம்களின் உயிரையும் உடைமையையும் காக்கத் தொடங்கிய அந்த நடவடிக்கை, விரைவிலேயே வேறொரு முகங் காட்டியது. கலகத்தோடு தொடர்பற்ற மதுவிலக்குத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். எட்வேட் ஹென்றி பெத்ரிஸ் என்னும் இளைஞர் ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றை இங்கிலாந்துக்கு எடுத்துரைக்கச் சென்ற ஈ. டபிள்யூ. பெரேரா, கண்டவுடன் சுடுமாறு பணித்த இரகசிய ஆணையின் பிரதியைத் தம் சப்பாத்தின் அடியில் மறைத்துக்கொண்டு கப்பலேறினார் என்பது வழிவழி வரும் செய்தி. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அங்கு சென்று வாதாடினார். படைச்சட்டக் கொடுமைகளை விரித்து 1916இல் இலண்டனில் ஒரு நூலையும் வெளியிட்டார். அவ்வாதத்திற் கலகத்தாற் கெட்ட முஸ்லிம்களின் துயரம் போதிய இடம் பெறவில்லை என்ற மனக்குறை அவர்களிடையே நெடுங்காலம் இருந்தது. அரசின் மிகையைக் கண்டிப்போர் கலகக்காரரின் கொடுமையை மறந்துவிடுவதும், கலகத்தைக் கண்டு அஞ்சுவோர் அரசின் மிகையைக் காணாதிருப்பதும் அன்று தொட்டே இந்நாட்டில் உள்ள வழக்கம் போலும்.

போர்க்காலத்திற் கடிதங்கள் பிரிக்கப்பட்டதும் உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். யப்பானியரோடு நடந்த போரின் திட்டங்கள் அங்கிருந்து வகுக்கப்பட்ட காலத்திற் கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட்டதை எவரும் அநீதி என்று சொல்லவில்லை. ஆனால் தணிக்கையாளர் தாம் பிரித்த கடிதத்தை மீண்டும் ஒட்டி, பிரிக்கப்பட்டது என்பதற்கு அடையாளமும் இட்டு அனுப்பினார். பெற்றவர் அதைக் கண்டார். போர் முடிந்ததும் அவ்வடையாளம் மறைந்தது. இன்று ஒருவருடைய மின்னஞ்சலோ தொலைபேசி விவரங்களோ பார்க்கப்பட்டால், பார்த்ததற்கு அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை. பழைய தணிக்கைக்கும் புதிய கண்காணிப்புக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

2018க்கு மீள்வோம். குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கப் பயன்பட்டவை எவை? மார்ச் 8ஆந் திகதி மகசோன் பலகாய என்னும் அமைப்பின் தலைவரும் வேறு சிலரும் கைதுசெய்யப்பட்டனர். அவரது பேச்சு ஒளிப்பதிவாக எவரும் காணத்தக்க இடத்திலேயே இருந்தது, அது தபாலட்டை. மற்றொரு சான்று கடைக்காரர்களும் பள்ளிவாசல்களும் தாமே பொருத்திய கண்காணிப்புக் கமெராக்களிலிருந்து கிடைத்தது. அப்பதிவுகளையும் நேரிற் கண்டோர் கூற்றுகளையும் கொண்டு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அம்மாத இறுதியில் வெளியிட்ட அறிக்கை, பொலிசார் சிலரும் அரசியல்வாதிகள் சிலரும் வன்முறைக்குத் துணைநின்றனர் என்ற குற்றச்சாட்டை முன்வைத்தது. கமெரா அரசு குடிகளைக் காணும் கண் என்றே பலரும் எண்ணுவர். திகனையிலோ அது குடிகள் அரசைக் கண்ட கண்ணாகவும் இருந்தது.

இவ்விரண்டு சான்றுகளுக்கும் இரண்டு கோடிப் பேரின் வாயைப் பூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. பூட்டியதால் நேர்ந்தது வேறு. அக்குறணையிலும் கம்பளையிலும் உள்ள குடும்பங்களிற் பல, வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளோடு பேசுவது இச்சாதனங்களின் வழியேதான்; தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் அதுவே. ஊர் எரிகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவிய அந்த வாரத்தில், நலமாக இருக்கிறோம் என்று சொல்லும் வழி அடைபட்டது. வதந்தி செல்லும் வழியிலேயே வதந்தியை மறுக்கும் சொல்லும், ‘இப்பக்கம் வராதீர்கள்’ என்ற எச்சரிக்கையும் செல்கின்றன. இன்னொன்றும் நிகழ்ந்தது. தடையைச் சுற்றிச் செல்ல விரும்பியோர் ‘வீபீஎன்’ எனப்படும் மாற்றுவழிச் செயலிகளை இலவசமாகப் பெற்றுத் தம் தொலைபேசியில் நிறுவினர். முகநூலையேனும் இன்னாருடையது என்று சொல்லலாம். இச்செயலிகள் பலவற்றின் உரிமையாளர் யார் என்பதே பயன்படுத்துவோருக்குத் தெரியாது. பாதுகாப்பின் பொருட்டு விதித்த தடை, தம் செய்திப் போக்கு முழுவதையும் முன்பின் அறியாதார் கையில் ஒப்படைக்குமாறு குடிகளைத் தூண்டியது. அறிவுடைய அரசு இதனை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அப்படியாயின் மூடிய குழுக்களில் உலவும் நஞ்சை என்செய்வது என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானதே. 2018இல் ஒரு வட்ஸ்அப் குழுவில் 256 பேர் வரை சேரலாம். 256 பேர் கேட்கும் பேச்சு அந்தரங்கக் கடிதமா, பொதுக்கூட்டமா? இரண்டுமன்று, கதவடைத்த மண்டபம் போன்றது. அதனுள்ளே இருக்கும் ஒருவர் வெளியே வந்து சாட்சி சொல்லலாம். பொலிசார் முறையிட்டவரின் தொலைபேசியைப் பெற்று விசாரிக்கலாம். இதற்காக நாட்டிலுள்ள எல்லா மண்டபங்களின் திறப்பையும் அரசு தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. அத்தகைய திறப்பு ஒன்று செய்யப்பட்டால், அது நல்லோர் கையில் மட்டும் இருக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. இந்தியாவிலே வதந்தியை நம்பிய கும்பல்கள் வழிப்போக்கரை அடித்துக் கொன்ற கொடுமைகளுக்குப் பின், 2018 ஜூலையில் அந்நிறுவனம் வேறொரு வழியைக் கையாண்டது. ஒரு செய்தியை ஒரே முறையில் இத்தனை இடத்துக்குத்தான் முன்னனுப்பலாம் என்று எல்லை வகுத்தது. இந்தியாவில் அவ்வெல்லை ஐந்து. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் ஐந்தாயிற்று. இதில் எவருடைய கடிதமும் பிரிக்கப்படவில்லை, எவருடைய வாயும் கட்டப்படவில்லை. வதந்தியின் கால் மட்டும் தளையிடப்பட்டது. திகனை எரிவதற்கு முன் இது செய்யப்பட்டிருக்கலாகாதா என்று கேட்போருக்கு, செய்திருக்கலாம் என்பதே விடை.

சட்டத்தின் நிலையை நோக்கினால், இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியொரு அடிப்படை உரிமையாகச் சொல்லப்படவில்லை. பேச்சுச் சுதந்திரம் 14ஆம் உறுப்புரையில் உண்டு. தேசிய பாதுகாப்பின் பொருட்டு அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை கூறும். குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980இல் இணைந்தது. அதன் 17ஆம் உறுப்புரை அந்தரங்கத்தைக் காக்கிறது. இந்தியாவின் அரசியலமைப்பிலும் அச்சொல் இல்லை. ஆயினும் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24ஆந் திகதி, ஒன்பது நீதியரசர் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்தனர். அதற்கும் முன்னர், 1996ஆம் ஆண்டிலேயே, தொலைபேசியை ஒட்டுக்கேட்பது பற்றிய வழக்கில் அந்நீதிமன்றம் வகுத்த விதிகள் கவனிக்கத்தக்கன: உயர்ந்த பதவியில் உள்ள செயலாளர் எழுத்தில் ஆணையிட வேண்டும், அவ்வாணை இரண்டு மாதங்களுக்கே செல்லும், எவ்வாறாயினும் ஆறு மாதங்களுக்கு மேற் செல்லாது, குழுவொன்று அதைப் பரிசீலிக்க வேண்டும். காவலுக்கும் உரிமைக்கும் இடையே நிறைகோல் பிடிப்பது பற்றிப் பொதுவாகப் பேசுவோர் பலர். யார் ஆணையிட்டார், எந்தச் சட்டத்தின்படி, எத்தனை நாளுக்கு, யார் மறுபார்வை செய்வார் என்று கேட்கத் தொடங்கினால்தான் அப்பேச்சுக்குப் பொருள் உண்டாகும்.

இலங்கையிற் பின்னர் நிகழ்ந்தவற்றை இக்கேள்விகளைக் கொண்டு பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்துச் சமூக ஊடகங்கள் ஏப்ரல் 30ஆந் திகதி வரை தடைசெய்யப்பட்டன. அன்று நாடு இருந்த நிலையிற் பலர் அதை ஏற்றனர். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆந் திகதியோ குண்டும் இல்லை, இனக்கலகமும் இல்லை. எரிபொருளும் மின்சாரமும் இன்றி வாடிய மக்கள் அரசாங்கத்தை எதிர்த்து வீதிக்கு வர இருந்தனர். ஊரடங்கின் நடுவே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அவ்வாறு முடக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு கூறியது. தடை அன்றே நீங்கியது. திகனைக்கென எடுத்த ஆயுதம் நான்கே ஆண்டுகளில் வேறொரு குறியை நோக்கித் திரும்பியதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

பகைமைப் பேச்சைத் தண்டிக்கவென உள்ள சட்டத்துக்கும் அதே கதி நேர்ந்தது. மேற்கூறிய சமவாயத்தின் பேரால் 2007இல் இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டம், இனப்பகையையும் மதப்பகையையும் தூண்டுவோரைப் பிணை எளிதிற் கிட்டாதவாறு மறியலில் வைக்க இடமளிக்கிறது. 2019 ஏப்ரலில் அச்சட்டத்தின் கீழ்ச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைதுசெய்யப்பட்டார். முகநூலில் அவர் வெளியிட்ட சிறுகதையொன்றே காரணம். நான்கு மாதங்களுக்கு மேல் அவர் மறியலில் இருந்தார்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வகையில் ஓர் ஆறுதல். தேசிய பாதுகாப்பைக் காரணங்காட்டி அச்சட்டத்திலிருந்து விலகுவதாயின், அவ்விலக்குச் சட்டத்தால் விதிக்கப்பட்டதாகவும், சனநாயக சமுதாயமொன்றில் தேவையானதாகவும், தேவைக்கு அளவொத்ததாகவும் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. சொற்கள் நல்லவை. ஆனால் 2025 மார்ச் 18ஆந் திகதி நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் அன்று வரவில்லை. 2024 ஜனவரியிற் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ காலந் தாழ்த்தாது அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்தது. எது பொய்க் கூற்று என்று கண்டு நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளிப்பது அச்சட்டம். அதன் மூல வரைவில் முப்பதுக்கு மேற்பட்ட வாசகங்கள் திருத்தப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. அத்திருத்தங்கள் யாவும் செய்யப்படவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சபாநாயகருக்கு எழுதியது. காக்கும் சட்டம் மெல்ல நடப்பதும் கட்டும் சட்டம் விரைந்து ஓடுவதும் கவனத்துக்குரியன.

காஷ்மீரத்தில் 2019 ஆகஸ்ட் முதல் இணையம் நிறுத்தப்பட்டது பற்றிப் பத்திரிகையாசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது. இணையத்தை நிறுத்தும் ஆணை வெளியிடப்பட வேண்டும். அதனாற் பாதிக்கப்பட்டவர் அதைக் கண்டு நீதிமன்றம் செல்ல இயலவேண்டும். எல்லையற்ற காலத்துக்கு நிறுத்துதல் ஆகாது. இலங்கையில் அத்தகைய தீர்ப்பு இல்லையாயினும், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. கண்டியிலோ திகனையிலோ வாழும் எந்தப் பிரசையும், தம் தொலைபேசி ஏன் ஊமையாக்கப்பட்டது, ஆணையிட்டவர் யார், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் வினவலாம்; காரணம் சொல்ல வேண்டுவதில்லை. தேசிய பாதுகாப்புக்குக் கேடு என்று காட்டி அதிகாரி மறுக்கலாம். மறுத்தால் தகவல் ஆணைக்குழு வரை மேன்முறையீடு செய்யலாம். பொதுமக்களின் நலன் அக்கேட்டினும் பெரிதாயின் தகவலை வெளியிட வேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல அதிகாரிக்கு உள்ள அவகாசம் பதினான்கு வேலை நாள்கள்.